பிடரி நோவும் பிள்ளையின் மொழிபெயர்ப்பும்

எமது நகரத்துத் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவில், மண்டபத்தின் பின்வரிசையில் என் அருகே ஒருவர் அமர்ந்திருந்தார். மேடையிலே சிறுவர்களின் நடனம் நடந்துகொண்டிருந்தது. அவரோ நாற்காலியில் ஒரு நிலையில் இருக்க முடியாமல் அடிக்கடி எழுந்து நின்று, நாரியைப் பிடித்துக்கொண்டு மீண்டும் அமர்ந்தார். இடைவேளையின்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"அண்ணை, நாரியிலை ஒப்பரேசன் செய்ய நாள் குறிச்சிட்டினம். வேறை ஒரு டொக்டரிட்டையும் காட்டினால் இந்த டொக்டர் கோவிப்பாரோ? என்ரை விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?"

இந்தக் கேள்வியைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. ஏனெனில் 2012 ஆம் ஆண்டில் இதே இரண்டு கேள்விகளையும் நெஞ்சிலே வைத்துக்கொண்டு பல இரவுகள் உறங்காது கிடந்தவன் நான். அன்று அவருக்கு அவசரத்தில் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதினால், அவரைப் போன்ற வேறு சிலருக்கும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

எமது மக்கள் இந்த நாட்டிற்கு வந்த நாளிலிருந்து முதுகையும் கழுத்தையும் முதலீடாக வைத்தே வாழ்ந்து வந்திருக்கிறார்கள். உணவகங்களின் சமையலறைகள், வைத்தியசாலைகளின் சலவைப் பகுதிகள், முதியோர் இல்லங்கள், துப்புரவு வேலைகள் என எமக்குக் கிடைத்த வேலைகளிற் பெரும்பாலானவை குனிந்து செய்யும் வேலைகளே. ஊரிலே ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்தவர்கள்கூட இங்கே பாத்திரம் கழுவும் தொட்டியின் முன் நின்றார்கள். நான் 1991 ஆம் ஆண்டில் வந்தேன். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. வந்த அடுத்த ஆண்டு ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. கழுவி முடித்த தட்டங்களைத் தலைக்கு மேலுள்ள அடுக்கில் தூக்கி வைப்பதும், கீழேயுள்ள அழுக்குத் தட்டங்களைக் குனிந்து எடுப்பதுமாக இருபது ஆண்டுகள் கழிந்தன.

2008 ஆம் ஆண்டளவில் பிடரியில் நோ தொடங்கியது. முதலில் வேலை முடிந்த இரவுகளில் மட்டும் இருந்தது. பின்னர் காலையில் எழும்போதே நோவுடன் எழுந்தேன். பிடரியில் தொடங்கும் நோ தலையின் பின்புறமாக ஏறி, வலது கண்ணுக்கு மேலே வந்து நின்று இடிக்கும். ஊரிலே தலையிடி வந்தால் அம்மா வேர்க்கொம்பை உரைத்து நெற்றியிற் பூசுவார். இங்கே கோடாலித் தைலமும், அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் வைத்தியரின் துண்டு இல்லாமலே வாங்கக்கூடிய குளிசைகளும் எனக்குத் துணையாயின. காலையில் வேலைக்குப் போகுமுன் இரண்டு, மாலையில் இரண்டு. தலையிடி வந்துவிடுமோ என்ற பயத்தில் வராத நாளிலும் இரண்டு. வேலைக்கு ஒருநாளும் போகாமல் விடவில்லை. அதை ஒரு பெருமையாகவே எண்ணியிருந்தேன்.

2012 இல் வலது கையும் விறைக்கத் தொடங்கியது. எமது குடும்ப வைத்தியர் நல்லவர். அவர் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பித்து, முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் அனுப்பி வைத்தார்.

அந்த நிபுணரிடம் நான் தனியாகச் செல்லவில்லை. எனது டொச் மொழி சமையலறை டொச். 'சூடு', 'கெதியாக', 'நாளைக்கு ஏழு மணி' என்பவற்றைத் தாண்டி அது வளரவில்லை. ஆகவே பாடசாலையில் விடுப்புப் பெற்று எனது மகளை அழைத்துச் சென்றேன். அவள் 1998 இல் இங்கே பிறந்தவள். அப்போது பதினான்கு வயது. வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பது, காப்புறுதி நிறுவனத்துடன் தொலைபேசியிற் பேசுவது, வரிப் படிவத்தின் கேள்விகளை எமக்கு விளக்குவது எல்லாம் அவளுடைய வேலை. எமது வீடுகளில் மூத்த பிள்ளைகள் இப்படித்தான் வயதுக்கு முன்னரே பெரியவர்கள் ஆனார்கள்.

நிபுணர் கேட்டார், மகள் தமிழிற் சொன்னாள். நான் தமிழிற் சொன்னேன், மகள் டொச்சிற் சொன்னாள். பதினைந்து நிமிடங்கள் சென்றிருக்கும். அவர் கணினித் திரையில் எனது கழுத்தின் படத்தைக் காட்டி, கழுத்திலுள்ள ஏழு முள்ளென்புகளில் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையேயுள்ள தட்டுப் பிதுங்கி, முண்ணாண் செல்லும் வழியை ஒடுக்கியுள்ளது என்றார். முன்கழுத்து வழியாகச் சென்று அந்தத் தட்டை அகற்றி, இரண்டு என்புகளையும் ஒன்றாகப் பொருத்த வேண்டும், இல்லையெனில் கைகள் இயங்காமற் போகும் ஆபத்து உண்டு என்றார். தலையிடி? அதுவும் பெரும்பாலும் குறையலாம் என்றார். ஆறு வாரங்களின் பின்னர் ஒரு நாள் குறிக்கப்பட்டது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வைத்தியர் சொன்னால் தலையாட்டுவதுதானே எமது வழக்கம்.

அன்றிரவு பதினொரு மணிக்கு மேல் இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, சமையலறை மேசையில் மகள் தனியாக அமர்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் டொச் அகராதி திறந்து கிடந்தது.

"அப்பா, நான் எல்லாம் சரியாச் சொன்னனானோ?" என்று கேட்டாள்.

"நீ சரியாத்தான் சொன்னனீ பிள்ளை. போய்ப் படு."

"பிழையாச் சொல்லி, அதாலை உங்களுக்கு ஒப்பரேசன் செய்து, ஏதும் நடந்தால்?"

நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். எனது கழுத்தின் பாரத்தை நான் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் கழுத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். சத்திரசிகிச்சை பிழைத்தால் அதை அவள் வாழ்நாள் முழுவதும் தன் பிழையென்றே எண்ணுவாள். எனக்காக அல்லாவிட்டாலும் அவளுக்காகவேனும் இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயத்தைக் கேட்கத்தான் வேண்டும் என்று அந்த இரவில் முடிவு செய்தேன்.

முடிவு செய்வது எளிது. கேட்பதற்குத்தான் வாய் வரவில்லை. 'இவ்வளவு படித்தவரை நம்பாமல் இன்னொருவரிடம் போவதா, இந்த நாட்டில் எமக்குச் செய்வதே பெரிய காரியம், அதிலும் குறை காண்கிறோமா' என்றெல்லாம் மனம் குறுகியது. அகதியாக வந்தவனுக்கு எந்த அலுவலகத்திலும் தான் நன்றி சொல்ல வேண்டியவன், கேள்வி கேட்கத் தகுதி இல்லாதவன் என்ற ஓர் எண்ணம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் ஊரை நினைத்துப் பாருங்கள். ஊரிலே நாம் ஒருவருடன் நின்றோமா? பெரியாஸ்பத்திரியிற் காட்டினோம். அவர்கள் தந்த மருந்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே முறிவு தறிவு வைத்தியரிடம் போனோம். அங்கிருந்து வந்து, அயலூர்ப் பரியாரியாரிடம் நாடி பார்த்தோம். கடைசியாகக் கோவில் ஐயரிடம் நூலும் கட்டினோம். இரண்டாவது அபிப்பிராயம் என்பது வெள்ளைக்காரர்கள் எமக்குக் கற்றுத்தந்த புதுமையன்று. இங்கே அதற்கு 'ஸ்வைற்மைனுங்' என்று ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். பெயர் இருக்கிறதென்றால் அது வழக்கத்தில் உள்ள காரியம் என்பதே பொருள்.

குடும்ப வைத்தியரிடம் சென்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஒரு கணமும் முகம் சுளிக்கவில்லை. "கழுத்திற் கத்தி வைப்பதற்கு முன்னர் நானும் அதைத்தான் செய்வேன்" என்றார். நிபுணரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தபோது, எனது அறிக்கைகளையும் படங்கள் அடங்கிய இறுவட்டையும் தபாலில் அனுப்பி வைத்தார்கள். கோபமும் இல்லை, கேள்வியும் இல்லை. பல இரவுகள் நான் வளர்த்த பயம் இரண்டு தொலைபேசி அழைப்புகளில் முடிந்துபோயிற்று.

இரண்டாவது வைத்தியரைப் பார்த்தது வேறொரு நகரத்தின் பெரிய வைத்தியசாலையொன்றில். அவர் ஒரு நரம்பியல் நிபுணர், நடுத்தர வயதுப் பெண்மணி. மகளையும் என்னையும் ஒன்றாகக் கண்டதும் அவர் முதலிற் செய்த காரியம், அவளை வெளியே இருந்து புத்தகம் வாசிக்கச் சொன்னதுதான். உள்ளே தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவர் ஏற்கனவே அமர்ந்திருந்தார். குடும்ப வைத்தியர் கடிதம் எழுதும்போதே அதையும் கேட்டு எழுதியிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், அந்தத் தமிழரைக் கண்டதும் எனக்கு மனம் சுருங்கியது. நாளைக்கு இவர் கோவிலிலோ கடையிலோ என் கதையைச் சொல்லிவிட்டால்? அவர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார் போலும். "ஐயா, இந்த அறையிலை கதைக்கிறது இந்த அறைக்கு வெளியாலை போகாது. டொக்டருக்கு உள்ள கட்டுப்பாடுதான் எனக்கும்" என்றார். சுவிஸ் தண்டனைச் சட்டத்தின் 321 ஆம் பிரிவு, நோயாளியின் இரகசியத்தை வெளியிடும் வைத்தியரையும் அவருக்கு உதவியாக இருப்பவர்களையும் தண்டிக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

வைத்தியர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் கேட்டார். முதலில் கையைப் பற்றி.

"கை எப்படி இருக்கிறது?"

"விறைக்கிறது."

உரைபெயர்ப்பாளர் உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "விறைக்கிறது எண்டால், மடக்க ஏலாமல் தடி போலை நிக்குதோ? இல்லாட்டி உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போகுதோ?"

"மரத்துப்போகுது. ஊசியாலை குத்துற மாதிரி."

அவர் டொச்சில் 'தவுப்' என்ற சொல்லைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனெனில் முதல் நிபுணரின் அறையில் மகள் சொன்ன சொல் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் சொன்னது 'ஸ்ரைஃப்'. அதற்கு விறைத்து இறுகிய என்று பொருள். அவள் பிழை செய்யவில்லை. எமது மொழியில் குளிரில் உடல் விறைப்பதும் விறைப்புத்தான், கை மரத்துப்போவதும் விறைப்புத்தான். 'தவுப்' என்ற டொச்சுச் சொல்லோ செவிடு என்ற பொருளிலேயே பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. 'அப்பாவின் கை செவிடு' என்று எந்தப் பிள்ளை மொழிபெயர்க்கும்?

அந்த ஒரு சொல்லின் விலை என்ன என்பதை வைத்தியர் பின்னர் விளக்கினார். கழுத்திலே முண்ணாணின் வழி ஒடுங்கியிருக்கும் ஒருவர் கைகள் இறுகிப்போகின்றன என்று சொன்னால், முண்ணாணே நெருக்கப்படுகிறது என்று எந்த நிபுணரும் அஞ்சுவார், விரைவாகச் சத்திரசிகிச்சை செய்யவே சொல்வார். முதல் நிபுணர் தமக்குச் சொல்லப்பட்டதற்கு ஏற்பவே முடிவு செய்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

"எந்த விரல்கள் மரத்துப்போகின்றன?" பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். "எப்போது?" பெரும்பாலும் இரவில். "அப்போது என்ன செய்வீர்கள்?" எழுந்து கையை உதறுவேன். வைத்தியர் முறுவலித்தார். மணிக்கட்டிலுள்ள ஒடுங்கிய வழியில் கைக்குச் செல்லும் நரம்பு நெருக்கப்பட்டால் வருகின்ற அடையாளம் அது. ஆண்டுக்கணக்கில் மணிக்கட்டை அழுத்தி வேலை செய்பவர்களுக்கு வரக்கூடியது. கழுத்தின் ஆறாவது நரம்பு நெருக்கப்பட்டாலும் அதே பெருவிரலும் சுட்டுவிரலும் மரக்கும். ஆகவே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சிறு சுத்தியலால் முழங்கையிலும் முழங்காலிலும் தட்டிப் பார்த்தார். விரல்களின் பலத்தைப் பார்த்தார். நேர்கோட்டில் நடக்கச் செய்தார். மின்னோட்டம் கொடுத்து நரம்பின் வேகத்தை அளந்தார். நெருக்கம் மணிக்கட்டில்தான் இருந்தது.

"அப்படியென்றால் கழுத்துப் படத்தில் தெரிவது என்ன?" என்று கேட்டேன். அது பொய்யல்ல, ஆனால் அதுவே நோவின் காரணம் என்றும் சொல்ல முடியாது என்றார்.

இதைப் பற்றிப் பின்னர் நான் தேடி வாசித்தேன். இந்தப் படங்களுக்கும் சுவிஸ் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1895 இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரொன்ட்கன் 1869 இல் சூரிச்சில்தான் கலாநிதிப் பட்டம் பெற்றார். எம்.ஆர்.ஐ. படங்களுக்கு அடிப்படையான முறைகளை வளர்த்த றிச்சார்ட் ஏர்ன்ஸ்ற் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்தவர். அவருக்கு 1991 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. எவ்வளவு அரிய கருவியாயினும் அது தட்டின் வடிவத்தைக் காட்டுமேயன்றி நோவைக் காட்டாது. முதுகு நோ இல்லாத 98 பேரின் நாரிப் பகுதியைப் படமெடுத்து 1994 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 36 வீதமானோருக்கே எல்லாத் தட்டுகளும் வழமையாக இருந்தன. கழுத்துக் கோளாறு எதுவுமில்லாத 1,211 பேரை யப்பானில் ஆராய்ந்து 2015 இல் வெளியிட்டபோது, 87.6 வீதமானோரின் கழுத்துத் தட்டுகள் பிதுங்கியிருந்தன. தலை நரைப்பது போலத் தட்டும் தேய்கிறது. படத்தைப் பார்த்து அஞ்சுவதிலும், படமும் உடலும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று கேட்பதே அறிவு.

அடுத்ததாகத் தலையிடி. "மாதத்தில் எத்தனை நாட்கள் குளிசை எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். முதல் நிபுணர் இதைக் கேட்டபோது, மகளுக்கு முன்னால் "இடைக்கிடை" என்று சொல்லியிருந்தேன். அப்பா நாள்தோறும் மருந்து குடிக்கிறார் என்று பிள்ளை அறிவதை நான் விரும்பவில்லை. இப்போது உண்மையைச் சொன்னேன்: முப்பது நாளும்.

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். தலையிடிக்கு எடுக்கும் குளிசையே தலையிடியை உண்டாக்கும் என்றார். சாதாரண நோக் குளிசைகளை மாதத்தில் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ, சில கலப்பு மருந்துகளையும் ஒற்றைத் தலைவலிக்கான சிறப்பு மருந்துகளையும் பத்து நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்துவந்தால் இது நேரலாம். தொடக்கத்தில் எனக்கிருந்தது கழுத்திலிருந்து ஏறிய தலையிடியாக இருக்கலாம். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், நெற்றிக்கும் கண்ணுக்கும் உணர்ச்சி தருகின்ற நரம்பும் மேற்கழுத்தின் முண்ணாணில் ஒரே இடத்திற் சந்திக்கின்றன. அதனாலேயே பிடரியின் நோ கண்ணுக்கு மேலே இடிக்கிறது. ஆனால் நான்கு ஆண்டுகளாக அந்தத் தலையிடியை வளர்த்து வந்தது எனது சட்டைப்பையிலிருந்த குளிசைப் பெட்டிதான்.

கடைசியாக ஒரு கேள்வி. "தலையிலோ கழுத்திலோ எப்போதாவது அடிபட்டதா?"

நான் பேசாமல் இருந்தேன். 1990 ஆம் ஆண்டில் ஒரு சோதனைச் சாவடியில், துவக்குப் பிடியால் எனது பிடரியில் விழுந்த அடியைப் பற்றி நான் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. மனைவிக்கு ஓரளவு தெரியும். மகளுக்குத் தெரியாது. முதல் நிபுணரும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். மகள் அதைத் தமிழிற் கேட்டபோது "இல்லை" என்றேன். பெற்ற பிள்ளையின் வாயால் அந்தக் கதையை ஒரு அந்நியருக்குச் சொல்ல வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தகப்பனுக்குத்தான் வரும்?

அன்று சொன்னேன். உரைபெயர்ப்பாளரின் குரலும் ஒரு கணம் தடுமாறியது. வைத்தியர் அவசரப்படவில்லை. அந்த அடியால் என்பு முறிந்ததற்கான அடையாளம் படத்தில் இல்லை என்றார். ஆனால் உடல் ஒரு பயத்தை நினைவில் வைத்திருந்தால் கழுத்தும் தோளும் ஓய்வின்றி இறுகியே இருக்கும், அது நோவைப் பெருக்கும் என்றார். இவ்வாறு போரிலும் சித்திரவதையிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே செஞ்சிலுவைச் சங்கம் 1995 முதல் பேர்ணில் ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்துகிறது என்றும் சொன்னார். "உங்களுக்கு நோ இருக்கிறது. அதை நான் நம்புகிறேன்" என்றார். அந்த இரண்டு வசனங்களும் எனக்கு ஒரு மருந்துபோல இருந்தன.

நம்புகிறேன் என்ற சொல் எமக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? எமக்கு முன்னர் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் 'உடம்பெல்லாம் நோகிறது' என்று சொன்னபோது, டொச் மொழி பேசும் வைத்தியர்களிடையே அதற்கு 'மத்தியதரைக்கடல் நோய்' என்று கேலியாக ஒரு பெயரே உலாவியது. அப்படி ஒரு நோய் கிடையாது. சொல்பவரின் மொழி விளங்கவில்லை என்பதே அதன் பொருள். சட்டமும் சில காலம் அவ்வாறே நின்றது. உடலிற் காரணம் காட்டமுடியாத நீடித்த நோவை மனவுறுதியால் வெல்லலாம் என்று கருதவேண்டும் என 2004 இல் சமஷ்டிக் காப்புறுதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் வலுவிழந்தோர் காப்புறுதியில் ஓய்வூதியம் கேட்ட பலர் மறுக்கப்பட்டனர். 2015 யூன் மாதத்தில்தான் சமஷ்டி உச்ச நீதிமன்றம் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே ஆராயவேண்டும் என்றது. நோவைச் சரியாகச் சொல்வதும் அது சரியாக எழுதப்படுவதும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

சத்திரசிகிச்சை நிறுத்தப்பட்டது. வைத்தியரின் மேற்பார்வையில் குளிசைகளை நிறுத்தினேன். முதற் பத்து நாட்களும் நரகம். தலை வெடித்துவிடும் போலிருந்தது. அதை முன்னரே சொல்லி வைத்திருந்ததால் தாங்கிக்கொண்டேன். இரவில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டி கட்டினேன். ஒன்பது தடவைகள் உடற்பயிற்சிச் சிகிச்சை, பின்னர் இன்னொரு ஒன்பது. உணவகத்தில் தட்டங்கள் வைக்கும் அடுக்கைத் தோள் உயரத்துக்கு இறக்கித் தந்தார்கள். இருபது ஆண்டுகள் நான் அதைக் கேட்டதே இல்லை. இன்று எனக்கு முழுச் சுகம் என்று சொல்லமாட்டேன். மாதத்தில் ஐந்தாறு நாட்கள் தலையிடி வரும். குளிர்காலத்தில் பிடரி முறுகும். ஆனால் கை விறைப்பதில்லை, கழுத்திற் கத்தியும் படவில்லை.

இதை வாசித்துவிட்டு, இரண்டாவது வைத்தியர் எப்போதும் 'வேண்டாம்' என்றே சொல்வார் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. எனது நண்பர் ஒருவருக்கு நாரித்தட்டு விலகிக் காலின் பாதம் தூக்க முடியாமற் போனது. முதல் வைத்தியர் சத்திரசிகிச்சை என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாமவரையும் நான்காமவரையும் தேடினார். எண்ணெய் தேய்ப்பவரிடமும் போனார். கடைசியில் சத்திரசிகிச்சை செய்துகொண்டபோது நோ போயிற்று, பாதத்தின் பலம் முழுதாகத் திரும்பவில்லை. விரும்பிய பதில் கிடைக்கும்வரை கதவு கதவாகத் தட்டுவது இரண்டாவது அபிப்பிராயம் ஆகாது.

சில வேளைகளில் அதற்கு நேரமே இல்லை. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனால், தொடைகளின் உட்புறம் மரத்துப்போனால், கால் திடீரெனப் பலமிழந்தால், வாழ்நாளில் வராத தலையிடி ஒரு கணத்தில் வந்தால், தலையிடியுடன் காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தால், எவருடைய அபிப்பிராயத்துக்கும் காத்திராமல் 144 இலக்கத்தை அழையுங்கள்.

நேரம் இருப்பவர்கள் செய்யக்கூடியதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் அறிக்கைகளினதும் படங்களினதும் பிரதிகளைக் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை. படங்கள் கையில் இருந்தால் அவற்றை மீண்டும் எடுக்கும் செலவும் மிஞ்சும். 1996 முதல் இந்நாட்டில் வாழும் அனைவருக்கும் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். இரண்டாவது அபிப்பிராயத்தின் செலவைப் பொதுவாக அடிப்படைக் காப்புறுதி ஏற்கும். உங்கள் கழிவுத்தொகையும் பத்து வீதப் பங்கும் மட்டும் உங்களுடையவை. குடும்ப வைத்தியர் வழியாகச் செல்லும் ஒப்பந்தம் செய்தவர்கள் முதலில் அவரிடம் கேட்கவேண்டும். அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களுக்கும் தற்காலிக அனுமதி பெற்றவர்களுக்கும் சில மாநிலங்களில் வைத்தியரைத் தெரிவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அவர்கள் தமக்குப் பொறுப்பான சமூக உதவி அலுவலரிடம் விசாரித்துவிட்டுச் செல்வது நல்லது.

போவதற்கு முன் ஒரு மாதம் சிறு கொப்பியொன்றில் குறித்து வையுங்கள்: எந்த நாள், எந்த இடத்தில் நோ, எத்தனை குளிசை. வைத்தியரிடம் மூன்று கேள்விகளைத் தவறாமற் கேளுங்கள்: சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் என்ன நடக்கும்? எவ்வளவு காலம் பொறுக்கலாம்? வேறு வழி என்ன? நேரம் குறிக்கும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில் ஒழுங்கு செய்வார்கள். 2011 இல் தொலைபேசி வழியான உரைபெயர்ப்புச் சேவையொன்றும் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. சுவிஸ் மருத்துவ அமைப்பை விளக்கும் கைநூலொன்றைச் செஞ்சிலுவைச் சங்கம் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளை அந்த அறைக்குள் அழைத்துச் செல்லாதீர்கள். அவர்களுடைய டொச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அழைத்துச் செல்லாதீர்கள். அவர்களுக்குச் சொல் தெரியாமற் போவது சிறிய காரணம். அவர்களுக்கு முன்னால் நாம் உண்மை பேசமாட்டோம் என்பதே பெரிய காரணம். பாதிக் கதையை இரண்டு வைத்தியர்களிடம் சொன்னால் இரண்டு பாதி அபிப்பிராயங்களே கிடைக்கும். நான் இரண்டாவது அபிப்பிராயம் என்று தேடிப் போனது, உண்மையில் எனது முழுக் கதையையும் கேட்டபின் எனக்குக் கிடைத்த முதலாவது அபிப்பிராயம்.

அன்று வைத்தியரின் அறையிலிருந்து வெளியே வந்தபோது மகள் புத்தகத்தை மூடிவிட்டு ஓடி வந்தாள். "என்னப்பா சொன்னவா?" என்றாள். "ஒப்பரேசன் வேண்டாமாம்" என்றேன். அவள் அழுதாள். நான் சொன்ன சொல்லை டொச்சில் மாற்றத் தேவையில்லாமல், ஒரு பிள்ளையாக நின்று அழுதாள். இன்று அவள் தன் காலில் நிற்கும் பெண். பிடரியில் விழுந்த அடியின் கதையை அவளுக்குப் பிற்காலத்தில் நானே சொன்னேன், தமிழில், எமது வீட்டில்.

பாடசாலை விழாவில் என்னிடம் கேட்ட அன்பருக்கு அன்று சொன்ன பதில் இதுதான்: வைத்தியர் கோபிக்கமாட்டார். விசாவுக்கு ஒன்றும் நேராது. போய்க் காட்டுங்கள். ஆனால் மகனை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.